பூங்காவனம் அனுப்பிய பதினொன்று

ஆரணியில் சார்லி என்று கேட்டால் எந்தச் சார்லி என்பார்கள். கம்ப்யூட்டர் சார்லி என்றால் உடனே வழி காட்டுவார்கள். கணக்கு வாத்தியார் தேவநேசனின் மகன். படித்துவிட்டுச் சென்னையில் ஒரு கம்பெனியில் நிரல் எழுதிக்கொண்டிருந்தான். கம்பெனி ஆட்களைக் குறைத்த வருடம் அவனையும் குறைத்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் திரும்பியவன், அப்பா விட்டுப்போன வீட்டின் மாடியறையில் உட்கார்ந்து, அரிசி ஆலைக்கும் பட்டுக்கடைக்கும் நிரல் எழுதிக் கொடுத்துப் பிழைத்தான். முப்பத்து நான்கு வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை.

ஆள் நல்லவன், ஆனால் சந்தேகப் பிராணி. வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போவான், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பான். எழுதிய நிரலை மூன்று தடவை சோதிக்காமல் யாரிடமும் கொடுக்க மாட்டான். "இவனுக்குப் பொண்ணு கொடுக்கிறவன் மூணு காப்பி எடுத்துக் கொடுக்கணும், ஒண்ணு தொலைஞ்சா இன்னொண்ணு" என்று அவனுடைய அத்தை ரோசம்மாள் எல்லார் முன்னாலும் சொல்லிச் சிரிப்பாள். அப்பேர்ப்பட்டவன் ஓர் இடத்தில் மட்டும் சந்தேகப்படாமல் விட்டுவிட்டான்.

ரோசம்மாள் கிராம நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். ஓய்வு என்பது அரசாங்கம் சொன்ன சொல்தான். ஆரணியில் ஒரு சிறிய தர்ம மருத்துவமனைக்காக, முள்ளிப்பட்டிலிருந்து சந்தவாசல் வரை பிள்ளைத்தாய்ச்சிகளைத் தேடித் தேடிப் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் மாடியேறி வந்து, மூச்சு வாங்க நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"டேய் சார்லி, மாசம் முத்தினவளுங்ககிட்ட ஒண்ணு சொல்லி வெச்சிக்கிறேன். மத்தியானம் சாப்பிட்டு எடது பக்கமா ஒருக்களிச்சுப் படு, ரெண்டு மணி நேரத்துல புள்ள எத்தினி தபா உதைக்குதுன்னு எண்ணு, பத்துக்குக் கொறஞ்சா ஒடனே எனக்குச் சொல்லுன்னு. எண்றாளுங்க. சொல்றதில்ல. சிஸ்டருக்கு இன்னாத்துக்குத் தொந்தரவுன்னு கம்முனு இருந்துட்றாளுங்க. போன் எல்லார் கையிலயும் கீது. போனே கேட்டா சொல்லுவாளுங்க. அதுக்கு ஒரு வழி பண்ணு."

சார்லி வழி பண்ணினான். தினமும் பிற்பகலில் அந்தப் பெண்களுடைய போனுக்கு ஒரு கேள்வி போகும்: இன்று பிள்ளை எத்தனை முறை உதைத்தது? அவர்கள் பதில் அனுப்புவார்கள். எண் பத்துக்குக் குறைந்தால் ரோசம்மாளின் போனில் மணி அடிக்கும். பத்தோ அதற்கு மேலோ இருந்தால், "நல்லது. பிள்ளை நலம். நாளையும் எண்ணுங்கள்" என்று பதில் போகும். அந்தப் பதில் அத்தை கேட்டதல்ல. பயந்துகொண்டிருக்கிற பெண்ணுக்கு ஆறுதலாக நாலு வார்த்தை இருக்கட்டுமே என்று சார்லியாகச் சேர்த்தது.

இரண்டு நாள் வேலை என்றுதான் உட்கார்ந்தான். ஆனால் அதில் ஒரு முடிச்சு இருந்தது. போனில் பன்னிரண்டு என்று தட்டினால் கணினிக்குப் போய்ச் சேர்வது பன்னிரண்டு அல்ல. 1 என்ற குறியும் 2 என்ற குறியும்தான், க, ங மாதிரி இரண்டு எழுத்துகள். அதை எண்ணாக மாற்றிக்கொண்ட பிறகுதான் பத்தோடு ஒப்பிட முடியும். மாற்றாமல் ஒப்பிட்டால் கணினி அகராதி வரிசையில் பார்க்கும். 1-க்குப் பின்னால் வருகிற 9 பெரிது என்று எடுத்துக்கொண்டு, பத்தைவிட ஒன்பதைப் பெரிதாக்கிவிடும். சரி, மாற்றலாம் என்று போனால், வந்தது எண்ணாகவே இல்லாதபோது நிரல் அப்படியே படுத்துவிடும். ஒருத்தி எதையோ அனுப்பியதற்காக மற்ற எல்லாருக்கும் கேள்வியும் பதிலும் நின்றுபோகும்.

அவர்களோ விதவிதமாக அனுப்பினார்கள். "12 தபா" என்றாள் ஒருத்தி. "பன்னெண்டு" என்று எழுத்தில் எழுதினாள் ஒருத்தி. "10, 15 இருக்கும்" என்று குத்துமதிப்பாகச் சொன்னாள் இன்னொருத்தி. "நல்லா ஒதைக்கிறான் சிஸ்டர், அவங்கப்பன் மாதிரி" என்றும் ஒன்று வந்தது. தேசூரிலிருந்து ஒரு பெண் எண்ணே இல்லாமல் ரோஜாப்பூ படம் அனுப்பினாள். சார்லி ஒவ்வொன்றாகச் சரிசெய்தான். இடைவெளியை நீக்கினான், தமிழ்ச் சொற்களுக்கு எண் கொடுத்தான். எப்படியும் மாற்ற முடியாததைச் சைபர் என்று வைத்தான். சைபர் என்றால் மணி அடிக்கும், அத்தை போய்ப் பார்ப்பாள், அதுதான் பத்திரம் என்பது அவன் கணக்கு.

முதல் மணி முள்ளிப்பட்டுப் பூங்காவனத்துக்காக அடித்தது.

பூங்காவனமும் அவள் கணவன் அஜித்குமாரும் பட்டு நெய்கிறவர்கள். வீட்டுக்குள் இரண்டு தறி. மாமியார் காத்தாயி ராட்டையில் நூல் சுற்றிக் கொடுப்பாள். கல்யாணமாகி ஆறு வருடம் கழித்து, இரண்டு தடவை கலைந்து, மூன்றாவதாகத் தங்கிய கர்ப்பம். போனில் சைபர் என்று பார்த்ததும் ரோசம்மாள் தெருவுக்கு வந்தாள். ஆட்டோ பிடித்து ஓடினாள். அங்கே பூங்காவனம் மாங்காய் தின்றுகொண்டிருந்தாள். வயிற்றில் கை வைத்தால் பிள்ளை கையையே தள்ளியது. என்ன அனுப்பினாய் என்று கேட்டதற்கு, "எண்ணினதத்தான் அனுப்பினேன் சிஸ்டர். பன்னெண்டு" என்றாள்.

ரோசம்மாள் நேராக மாடிக்கு வந்தாள்.

"உசுரோட கீற புள்ளய உன் மிஷினு சைபர்ன்னுது! வேகாத வெயில்ல என்னை முள்ளிப்பட்டுக்கு ஓட்டிச்சு!"

சார்லி எடுத்துப் பார்த்தான். பூங்காவனத்திடமிருந்து 1 என்ற குறி வரிசையாகப் பன்னிரண்டு வந்திருந்தது. எண்ணாகப் படித்தால் பதினோராயிரம் கோடியைத் தாண்டும். எண்ணுக்கென்று அவன் ஒதுக்கிய இடத்தில் அது கொள்ளவில்லை. கொள்ளாததை நிரல் தள்ளிவிட்டுச் சைபர் என்றிருக்கிறது.

"பொத்தான் மேல வெச்ச விரலை எடுக்கல போல அத்தை. ஒண்ணே ஒண்ணா ஓடியிருக்கு."

"ஓடட்டும், பறக்கட்டும். இதப் பாரு, இப்படித் தெனம் பொய்யா அடிச்சினு இருந்தா, நெசமா அடிக்கிறப்ப நான் எழுந்திருக்க மாட்டேன். பேஜாரு புடிச்ச வேலை. சரி பண்ணு."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. சார்லி யோசித்தான். எண்ணே இல்லாமல் சொல்லாக வந்தால், மறுபடி அனுப்பச் சொல்லிக் கேட்கலாம். எண்ணாக வந்து, அது நாற்பதுக்கு மேல் போனால் விரல் தவறியது என்று பொருள். உதைக்காத பிள்ளைக்காக எந்தத் தாயும் பெரிய எண்ணை அனுப்பப்போவதில்லை. ஆகவே நாற்பதுக்கு மேல் எது வந்தாலும், எத்தனை பெரிதாக வந்தாலும், பிள்ளை நன்றாக உதைக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். அப்படியே மாற்றினான். மூன்று தடவை சோதித்தான். மூன்று தடவையும் சரியாக வந்தது. அதன்பின் பொய்மணி அடிக்கவில்லை. அத்தையும் திட்டவில்லை.

ஒன்றை மட்டும் அவன் விடாமல் செய்திருந்தான். மாற்றிய எண்ணுக்குப் பக்கத்திலேயே, அவர்கள் தட்டியது என்னவோ அதை எழுத்துக்கு எழுத்து அப்படியே வைத்திருந்தான். தேவநேசன் வாத்தியார் பிள்ளைகளை ரப்பரால் அழிக்க விடமாட்டார். தப்பென்றால் ஒரு கோடு போட்டு அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுது, அடியில் இருப்பது தெரிய வேண்டும் என்பார். அந்தப் பழக்கம்.

மூன்று வாரம் போனது. ஒரு வியாழக்கிழமை காலை, எந்தெந்தப் பெண் ஒழுங்காக அனுப்புகிறாள் என்று பார்த்துச் சொல்லும்படி கேட்டுவிட்டு, ரோசம்மாள் சந்தவாசலுக்கு முகாமுக்குப் போயிருந்தாள். சார்லி ஒவ்வொருத்தி அனுப்பியதையும் திரையில் விரித்தான். பூங்காவனத்தின் முறை வந்தது. கடைசி ஏழு நாள் இப்படி இருந்தது.

111111111111
11111111111
1111111111
11111111
11111
111
11

இந்தப் பெண்ணுக்கு ஏன் தினமும் விரல் ஒட்டிக்கொள்கிறது என்றுதான் முதலில் நினைத்தான். பிறகு அந்த வரிசைகள் நாளுக்கு நாள் குட்டையாகிக்கொண்டு வருவது கண்ணில் பட்டது. அவன் கை விசைப்பலகையை விட்டு எழுந்தது.

பட்டுக்கடைக்கு நிரல் எழுதிய நாளில் அவன் தறிக்காரர் வீடுகளுக்குப் போயிருக்கிறான். சேலையில் ஒரு வரிசைப் புட்டாப் பூ முடிந்தால் தறியின் மரத்தில் சாக்குக் கட்டியால் ஒரு கோடு இழுப்பார்கள். அடுத்த வரிசைக்கு அடுத்த கோடு. எத்தனை என்று வாயால் எண்ணிக்கொண்டே நெய்தால் பேச்சில் தப்பிப்போகும், கோடு தப்பாது. எட்டாவது படித்தவர்களும் அப்படித்தான், பத்தாவது படித்தவர்களும் அப்படித்தான். பூங்காவனம் அனுப்பியது எண்ணே அல்ல, கோடு. ஓர் உதைக்கு ஒரு கோடு.

எட்டுக் கோடு ஒரு கோடிக்கு மேற்பட்ட எண்ணாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. நாற்பதுக்கு மேல், நல்லது. ஐந்து கோடு பதினோராயிரத்துச் சொச்சம், நல்லது. மூன்று கோடு நூற்றுப் பதினொன்று, நல்லது. நேற்று இரண்டு கோடு. அதைத் துளிப் பிசகும் இல்லாமல் பதினொன்று என்று மாற்றி, பத்தைவிடப் பெரிது என்று பார்த்து, "நல்லது. பிள்ளை நலம்" என்று சொல்லியிருக்கிறது அவனுடைய நிரல். ஒரே ஒரு கோடு வந்தால்தான் மணி அடிக்கும்.

பூங்காவனத்தின் போனுக்கு அடித்தான். எடுக்கவில்லை. அத்தைக்கு அடித்தான்.

"அத்தை, பூங்காவனத்துக்கு நேத்து ரெண்டுதான். முந்தாநாள் மூணு."

"ரெண்டுன்னா மணி அடிச்சிருக்கணுமேடா."

"மிஷினு பதினொண்ணுன்னு எடுத்துகிச்சு. அது ரெண்டு கோடு அத்தை. ஒண்ணொண்ணா தட்டிகினு வந்திருக்காங்க. நான் சேர்த்துப் படிச்சிட்டேன்."

ரோசம்மாள், "வண்டிய எடு. ஆஸ்பத்திரிக்கு நான் போன் பண்றேன். ஜல்தி போ" என்றாள்.

பூட்டினானா, இழுத்துப் பார்த்தானா என்று அன்றைக்கு அவனுக்கு ஞாபகமில்லை. முள்ளிப்பட்டில் தறிச்சத்தம் வராத வீடு இல்லை. விசாரித்து விசாரித்துப் போய்ச் சேர்ந்தான். வாசலில் காத்தாயி ராட்டை சுற்றிக்கொண்டிருந்தாள்.

"யாருப்பா நீ?"

"ரோசம்மா சிஸ்டரோட அண்ணன் மகங்க. பூங்காவனத்தைப் பார்க்கணும்."

"இன்னா விசயம்?"

"புள்ள உதைக்கிறது பத்திங்க."

காத்தாயி ராட்டையை நிறுத்தினாள். "நல்லா கீது கத! புள்ள உதைக்கிறத விசாரிக்க ஆம்பள வண்டி எடுத்துகினு வந்துகிறான். ஏன், சிஸ்டருக்குக் காலு வலியா?"

உள்ளே ஒரு தறியில் அஜித்குமார் நெய்துகொண்டிருந்தான். மற்ற தறி சும்மா இருந்தது. பூங்காவனம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவள், சிஸ்டர் பேரைக் கேட்டு மெதுவாக எழுந்து வந்தாள்.

"நேத்து எத்தினி தபா உதைச்சுதுங்க?" என்றான் சார்லி.

"ரெண்டு."

"இன்னிக்கு?"

"காத்தாலேர்ந்து ஒண்ணும் தெரியலீங்க. மத்தியானம் படுத்துப் பார்க்கலாம்னு இருந்தேன்."

"சிஸ்டருக்கு ஒரு போன்..." என்று தொடங்கினான்.

"பயமாத்தான் இருந்துச்சு. அத்தகிட்டயும் சொன்னேன். ஆனா அனுப்பினா ஒடனே பதில் வருதே, 'நல்லது, பிள்ளை நலம்'னு. அஞ்சு அனுப்பினேன், வந்துச்சு. மூணு அனுப்பினேன், வந்துச்சு. நேத்து ரெண்டு அனுப்பிட்டுப் பாத்துகினே இருந்தேன். அப்பவும் அதேதான் வந்துச்சு. மாசம் முத்தினா புள்ள அடங்கும்னு அத்தயும் சொன்னாங்க. நாமதான் வீணா பயப்பட்றோம்னு விட்டுட்டேன்."

"ஆமா, சொன்னேன்" என்றாள் காத்தாயி, குரல் இறங்கி.

"அது தப்புங்க. அந்தப் பதில் தப்பு. நான்தான் தப்பா எழுதிட்டேன். இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகணும். சிஸ்டர் சொல்லி வெச்சிக்கிறாங்க."

அஜித்குமார் தறியை விட்டு எழுந்தான். சட்டையை மாட்டிக்கொண்டே தெருவுக்கு ஓடி ஆட்டோவோடு வந்தான். பூங்காவனம் ஏறும்போது இரண்டு கையாலும் வயிற்றைத் தாங்கிப் பிடித்திருந்தாள். அதில் ஏதாவது அசைகிறதா என்று காத்தாயியும் அஜித்குமாரும் சார்லியும் பார்த்தார்கள். ஒன்றும் தெரியவில்லை.

ஆரணி ஆஸ்பத்திரியில் பிள்ளையின் துடிப்பு இருந்தது. ஆனால் மெதுவாக இருந்தது, விட்டு விட்டு இறங்கியது. தொப்புள்கொடியில் ரத்த ஓட்டம் சரியில்லை, பனிக்குடத்து நீரும் வற்றியிருக்கிறது என்று சொல்லி உடனே அறுவைக்கு எடுத்துப் போனார்கள். சந்தவாசலிலிருந்து ரோசம்மாள் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பெண் குழந்தை. ஒரு கைக்கு அடங்குகிற உடம்பு. பிறந்ததும் அழவில்லை. முதுகைத் தேய்த்து, மூச்சுக் கொடுத்து, அப்புறம்தான் பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம் வந்தது. இங்கே வைத்திருக்க முடியாது என்று வேலூருக்கு ஆம்புலன்ஸ் சொன்னார்கள்.

ஆம்புலன்ஸில் ஏறுவதற்கு முன் அஜித்குமார் சார்லியிடம் வந்தான்.

"நேத்தே தெரிஞ்சிருந்தா?"

"நேத்தே கூட்டியாந்திருக்கலாம்."

"முந்தாநாளு?"

"முந்தாநாளும்தான். எட்டு வந்த அன்னிக்கே மணி அடிச்சிருக்கணும்."

"'பிள்ளை நலம்'னு எழுதிப் போட்டது யாரு? மிஷினா, நீங்களா?"

"நான்."

அஜித்குமார் அவனை ஒரு முறை மேலும் கீழும் பார்த்தான். பிறகு ஏறி உட்கார்ந்துகொண்டான்.

சார்லி ஆஸ்பத்திரி மதிலோரம் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். ரோசம்மாள் வந்தாள். அவளுக்கும் முகம் செத்துப்போயிருந்தது.

"ஒவ்வொரு உதைக்கும் ஒரு கோடு போட்டுக்க, கடைசியில கூட்டி அனுப்புன்னு நான்தான் அவளுக்குச் சொன்னேன். கோட்டை அவ போன்லயே போட்டுட்டா. அன்னிக்கு அவ வீட்டுக்குப் போனப்ப, காட்டு பாக்கலாம்னு அந்தப் போன வாங்கி நான் பார்த்திருந்தா போதும். பார்க்கல." மூக்கை முந்தானையால் துடைத்தாள். "இப்ப அழுதுகினு நிக்காத. இன்னும் இருக்கிறவளுங்க இன்னா அனுப்பிகிறாளுங்கன்னு தெரியாது. போ, ஒருத்தி விடாம போன் போட்டுக் கேளு."

அன்று மாலைக்குள் ஒருத்தி விடாமல் கேட்டான். மற்றவர்கள் அனுப்பியதெல்லாம் எண்ணாகவே இருந்தது, பிள்ளைகளும் நன்றாக இருந்தன. அதன்பிறகு நிரலைத் திரும்ப எழுதினான். எது வந்தாலும் அது தானாக முடிவுக்கு வராது. "நீங்கள் சொன்னது பதினொன்று முறை. சரியா?" என்று எழுத்தில் திருப்பிக் கேட்கும். ஆமாம் என்று வந்தால்தான் எடுத்துக்கொள்ளும். புரியாதது, கொள்ளாதது, நம்ப முடியாத அளவு பெரியது எதையும் சைபர் என்றும் சொல்லாது, நல்லது என்றும் சொல்லாது. எனக்குத் தெரியவில்லை என்று சார்லியின் போனுக்கு அனுப்பிவிடும். அவன் கூப்பிட்டுப் பேசுவான். "பிள்ளை நலம்" என்ற வரியை எடுத்துவிட்டான். நிரலுக்குத் தெரிந்தது ஓர் எண் மட்டும்தான். பிள்ளை நலமா என்பது அதற்குத் தெரியாத விஷயம். அவன்தான் அதற்குத் தெரிந்த மாதிரி சொல்லவைத்தவன்.

குழந்தை கண்ணாடிப் பெட்டிக்குள் மூன்று வாரம் இருந்து முள்ளிப்பட்டுக்கு வந்தது. மூச்சு சரியாகிவிட்டது, பால் குடிக்கிறது. ஆனால் உள்ளே எத்தனை நாள் மூச்சு முட்டியதோ, மூளையை அது தொட்டிருக்கிறதா இல்லையா என்று இப்போது சொல்ல முடியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். கழுத்து நிற்க வேண்டும், முகம் பார்த்துச் சிரிக்க வேண்டும், கூப்பிட்டால் திரும்ப வேண்டும். ஒவ்வொன்றுக்கும் அதனதன் மாதம் இருக்கிறது, காத்திருங்கள் என்றார்.

சார்லி போனான். போகாதே என்று யாரும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. காத்தாயி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தறிக்கும் தூளிக்கும் நடுவில் இழுத்துப் போட்டாள்.

"இப்பதான் தூங்கினா" என்றாள் பூங்காவனம் தாழ்ந்த குரலில். "எழுந்திரிச்சா பாருங்க."

"எழுப்ப வேணாங்க."

அஜித்குமார் நெய்துகொண்டிருந்தான். தலையைத் திருப்பவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் தறி நின்றது.

"உங்களுக்கு வேலை இல்லியா?"

"கீது."

"அப்புறம்?"

"முழிக்கட்டும். பாத்துட்டுப் போறேன்."

அஜித்குமார் மறுபடி தறியின் மிதியில் காலை வைத்தான். காத்தாயி ராட்டைக்குத் திரும்பினாள். நூல் சுற்றிக்கொண்டே அவள் கண் தூளிக்குப் போனது. நூல் நாடாவை எறியும் ஒவ்வொரு தடவையும் அஜித்குமாரின் கண்ணும் போய்ப் போய் வந்தது. தூளி அசையாமல் தொங்கியது. சார்லி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.